நிறம் ஏறாத கண்ணாடிகள்

திருத்தணி ரயிலடிக்கு எதிரே, பூஜைச் சாமான் கடையின் மாடியில் பிரபாவதியின் துப்பறியும் அலுவலகம் இருக்கிறது. அங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், மாப்பிள்ளை குடிக்கிறானா, ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா என்று கேட்டு வருகிறவர்கள். கொலையும் கொள்ளையும் போலீசுக்குப் போய்விடும். சந்தேகம் மட்டும்தான் பிரபாவதியிடம் வரும். ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை சுஹானா தன் தாய் அஸ்கரி பேகத்துடன் படியேறி வந்தபோது, உதவியாளன் பாலமுருகன், "மாப்பிள்ளை எந்த ஊரும்மா?" என்றுதான் ஆரம்பித்தான்.

"மாப்பிள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. என் பொண்ணைப் பொய்க்காரின்னு சொல்லிகினு இருக்காங்க," என்றாள் அஸ்கரி பேகம். "இவ அப்பா அரக்கோணத்துல லாரிப் பட்டறையில கிரீஸைத் தொடைச்சித் தொடைச்சிப் படிக்க வச்சாரு. இப்ப பட்டறைக்கே போக மாட்டேன்றாரு."

சுஹானா ஒரு சிறு பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்தாள். உள்ளே வரிசையாக மெல்லிய கண்ணாடித் துண்டுகள்.

"இது ஆட்டு மூளைங்க மேடம். மெல்லிசா சீவிக் கண்ணாடியில ஒட்டுவோம். மூளை செல்லுக்குள்ள கால்பிண்டின்னு ஒரு புரதம் இருக்கு. கால்சியத்தைப் பிடிச்சிக்கறது அதோட வேலை. அது சும்மா பாத்தா தெரியாது. அதைத் தேடிப் போய் ஒட்டிக்க ஒரு மருந்து இருக்கு, ஆன்டிபாடின்னு பேரு. கட்டைவிரல் நுனி அளவு குப்பியில, ஐஸ் வச்சி வரும். அது ஒட்டிகிச்சின்னா, அப்பறம் சாயம் போட்டா செல்லு பழுப்பாத் தெரியும். ஒட்டலன்னா கண்ணாடி வெறும் கண்ணாடிதான்."

மூன்று வருடமாக அவளுக்குப் பழுப்பு வந்தது. அதை வைத்துத்தான் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதினாள். ஆனால் அதே மருந்தை வைத்துச் சென்னையில் ஒருவர் செய்து பார்த்தார், நிறம் வரவில்லை. புகார் எழுதிப் போட்டுவிட்டார். பல்கலைக்கழகம் பரந்தாமன் என்பவர் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. அந்தக் குழுவின் கண்ணெதிரே சுஹானா செய்தாள். ஒரு செல்கூடப் பழுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை முடிவு சொல்றாங்க. இட்டுக்கட்டினதுன்னு எழுதிட்டாங்கன்னா பட்டமும் கிடையாது, எந்தக் காலேஜ்லயும் வேலையும் கிடையாது. எங்க கைடு ஹேமநாதன் சாரு எல்லார் முன்னாடியும், 'இந்தப் பொண்ணை நம்பி நானும் ஏமாந்துட்டேன்'னு சொல்லிட்டாரு மேடம்."

"குப்பியை எவனோ மாத்திட்டான் அக்கா!" என்று பாலமுருகன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். அவனுக்கு எப்போதும் முதல் பாலிலேயே சிக்சர் அடிக்கவேண்டும்.

பிரபாவதி கண்ணாடிகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பழுப்பேறிய பழைய கண்ணாடிகளின் ஓரமெல்லாம் லேசாக வெள்ளை படர்ந்திருந்தது. குழுவின் முன் செய்த கண்ணாடி மட்டும் கல்யாண வீட்டு வெள்ளித் தட்டுபோலப் பளிச்சென்று இருந்தது.

"இதெல்லாம் எந்தத் தண்ணியிலம்மா கழுவுவ?"

"காய்ச்சி வடிச்ச தண்ணி மேடம். ஆய்வேட்டுலயே எழுதியிருக்கேன்," என்று சுஹானா தரையைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் பாலமுருகனின் ஆட்டோவில் கல்லூரிக்குப் போனார்கள். கே.ஜி.கண்டிகைக்குப் போகிற வழியில், வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே நிற்கிற தனியார் கல்லூரி அது. வாசலில் ஏழு மாடிக்கான ஜம்பம், உள்ளே இரண்டு மாடி.

ஹேமநாதன் மரியாதை தெரிந்த மனிதர். காபி வரவழைத்தார். "நல்ல பொண்ணுதான். ஆனா அவசரம். நான் கண்ணாடியைத் தொட்டே பத்து வருஷமாச்சு மேடம், பசங்க கொண்டாந்து காட்டறதை நம்பறதுதான் எங்க பொழப்பு," என்று பிஸ்கட் தட்டை நகர்த்தினார். அவர் நகக்கண்களில் பழுப்புக் கறை இருந்தது. பாக்கு போடுகிறவர் போலும் என்று பாலமுருகன் நினைத்துக்கொண்டான்.

ஆய்வுக்கூடத்தைக் காட்டியவர் உதவியாளர் சடகோபன். தண்ணீர் காய்ச்சி வடிக்கும் இயந்திரம் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. துணியைத் தூக்கினால் உள்ளே பல்லி முட்டை. கைகழுவும் தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு விழுந்த இடமெல்லாம் சுண்ணாம்பு பூத்திருந்தது.

"போர்த் தண்ணிம்மா. இதுல பருப்பு கூட வேகாது," என்றார் சடகோபன். "அன்னைக்குக் குழுக்காரங்க வந்தப்ப இதுவும் வரல. வால்வை மூடிட்டோம். கக்கூஸுக்கும் இதே லைன்தான். பெரிய மனுஷங்க பக்கெட்டைத் தூக்கிகினு போனாங்க. எனக்கு மானமே போச்சி."

"இன்னாத்துக்கு மூடுனீங்க?" என்றாள் பிரபாவதி.

"குழா ஒழுவுது, அசிங்கமா இருக்குது, மூடுன்னாரு ஹேமநாதன் சாரு. குடிக்கிறதுக்குன்னு கேன் தண்ணி வாங்கி இந்த மேஜை மேலயே வச்சிட்டாரு."

அடுத்த மேஜையில் வேலை செய்கிற ஹேமாவதி முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். ஃப்ரிட்ஜில் இடம் பிடிப்பது பற்றி அவளுக்கும் சுஹானாவுக்கும் பழைய சண்டை. பாலமுருகன் பிரபாவதியின் காதில், "இவதான் அக்கா. மூஞ்சியே சொல்லுது," என்றான்.

"மூஞ்சி சொல்றதை வச்சி நம்ப தொழில் பண்ணா, ஊர்ல ஒரு கல்யாணமும் நடக்காது," என்று பிரபாவதி ஹேமாவதியை வெளியே அழைத்துப் போனாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் அழுதபடி ஒப்புக்கொண்டாள். குழு வந்து போன மறுநாள், சுஹானாவின் குப்பியிலிருந்து சொல்லாமல் கொஞ்சம் எடுத்துத் தன் கண்ணாடியில் போட்டுப் பார்த்தாளாம். நன்றாகப் பழுத்ததாம்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"திருடினேன்னு என்னையும் உக்கார வச்சிக் கேப்பாங்க மேடம். எனக்கும் அதே கைடுதான்."

வெளியே டீக்கடையில் சுஹானா காத்திருந்தாள். பிரபாவதி அவள் எதிரே உட்கார்ந்து நேராகக் கேட்டாள். "வடிக்கிற மிஷின்ல பல்லி குடும்பம் நடத்துது. நீ என்கிட்டயே பொய் சொன்ன. ஏன்?"

சுஹானாவின் கண் நிறைந்தது. "மூணு வருஷத்துக்கும் மேல ரிப்பேர் மேடம். எல்லாரும் குழாத் தண்ணிதான். ஆனா எழுதறப்ப எல்லாரும் காய்ச்சி வடிச்ச தண்ணின்னுதான் எழுதுவாங்க. சீனியருங்க அப்படித்தான் எழுதினாங்க, நானும் எழுதிட்டேன். அன்னைக்குக் குழால தண்ணி வரல, கேன் தண்ணியை ஊத்தினேன். அது இன்னும் சுத்தம்தானேன்னு நெனச்சேன்."

"அந்தச் சுத்தம்தான் உன்னை முடிச்சிது. நேத்து ராத்திரி இந்த மருந்தைப் பத்திப் படிச்சேன். சில ஆன்டிபாடி, அந்தப் புரதம் கால்சியத்தைப் பிடிச்சிகினு இருந்தாத்தான் ஒட்டுமாம். கை காலியா இருந்தா அதுக்கு அடையாளமே தெரியாதாம். நம்ப ஊரு உப்புத் தண்ணி கால்சியம் கொடுத்துது. மெட்ராஸ்காரரு ஒழுங்கா வடிச்ச தண்ணியில செஞ்சாரு, கெட்டாரு. கேன் தண்ணியில நீயும் கெட்ட."

பாலமுருகன் வாயைப் பிளந்தான். சுஹானா எழுந்தே விட்டாள். "அப்ப நான் பண்ணது நெசம்!"

"நெசம்தான். ஆனா அதை நிரூபிக்கணும்னா, ஆய்வேட்டுல பொய் எழுதினேன்னு நீயே உன் வாயால சொல்லணும். சொல்லாம இருந்தா இட்டுக்கட்டினவ. சொன்னா பொய் எழுதினவ. ரெண்டுல எது வேணும்னு நீதான் சொல்லணும், நான் சொல்ல முடியாது."

சுஹானா மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு, "நான் பாத்தது நெசம்னு எங்கப்பாவுக்குத் தெரியணும் மேடம்," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை, பரந்தாமன் குழுவின் முன்னிலையில் சுஹானா இரண்டு தட்டுகளை வைத்தாள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் கேன் தண்ணீர். கண்ணாடிகள் ஊறுகிற நேரத்தில் பிரபாவதி பேசினாள். ஹேமநாதனும் ஹேமாவதியும் சடகோபனும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"குப்பி கெடல, மறுநாள் ஹேமாவதிக்கு வேலை செஞ்சிது. கையும் கெடல, மூணு வருஷம் செஞ்ச கை. மாறினது தண்ணி ஒண்ணுதான். அதை மாத்தினவரு ஹேமநாதன் சாரு. குழா ஒழுவுதுன்னு வால்வை மூடினாரு. இன்னைக்கும் ஒழுவுது, அதோ பாருங்க, இன்னைக்கு மூடல."

"விருந்தாளி வரும்போது சுத்தமா இருக்கணும்னு பாத்தது குத்தமா மேடம்?" என்று ஹேமநாதன் சிரித்தார். "சுத்தமான தண்ணி கொடுத்தேன். அது வேணும்னுதானே இவளே ஆய்வேட்டுல எழுதியிருக்கா?"

"பத்து வருஷமா கண்ணாடியைத் தொடலைன்னீங்க. உங்க நகத்துல இருக்கிற பழுப்பு, இந்தச் சாயத்தோட பழுப்பு. சுஹானா கையிலயும் அதேதான், பக்கத்துல வச்சிப் பாக்கலாம். சடகோபன், யாரும் இல்லாத ஞாயித்துக்கிழமையில இங்க யாரு வந்தாங்க?"

சடகோபன் எழுந்து நின்றார். "சாருதாங்க. ஒரு பாட்டில்ல குழாத் தண்ணி, ஒரு பாட்டில்ல கேன் தண்ணி கொண்டாடான்னாரு. குழு வர்றதுக்கு முந்தியிலருந்தே வந்துகினு இருக்காரு. கதவைச் சாத்திகிட்டு அவரே கழுவுவாரு."

"மெட்ராஸ் புகார் வந்ததும் சாரு தனியா செஞ்சி பாத்தாரு. தண்ணிதான் காரணம்னு கண்டுபிடிச்சாரு. இந்த மருந்து, கால்சியம் பிடிச்ச புரதத்தை மட்டும் காட்டிக் கொடுக்கும். அது புதுசு, பெருசு. சுஹானா ஜெயிச்சா அது அவளோடது. அவ கண்டது பொய்னு ஆயிட்டா, அடுத்த வருஷம் சாரு கண்டது புதுசுன்னு ஆயிடும்."

சாயம் போட்டாயிற்று. பரந்தாமன் தானே நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார். கேன் தண்ணீர்க் கண்ணாடி வெறுமை. குழாய்த் தண்ணீர்க் கண்ணாடியில், வரிசை பிசகாமல், பழுப்புப் பழுப்பாகச் செல்கள். அஸ்கரி பேகம் வாசலிலிருந்தே, "யா அல்லா!" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

பாலமுருகனுக்குக் கைதட்டவேண்டும் போலிருந்தது. நல்லவேளை, தட்டவில்லை.

பரந்தாமன் நிமிர்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இந்தப் பொண்ணு காட்டினது இட்டுக்கட்டினது இல்ல. அதைப் பதிவு பண்றோம். ஆனா ஆய்வேட்டுல காய்ச்சி வடிச்ச தண்ணின்னு எழுதியிருக்கே. அது உண்மையாம்மா?"

"இல்ல சார்."

"தெரிஞ்சே எழுதினதா?"

"ஆங் சார். தெரிஞ்சேதான்."

"அப்ப இந்த ஆய்வேட்டை ஏத்துக்க முடியாது. திருப்பிச் செஞ்சி, திருப்பி எழுதிக் கொடுக்கலாம். கைடை மாத்திக்கணும்னா, இப்ப இருக்கிற கைடு ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்துப் போடணும். விதி அப்படி." ஹேமநாதனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னார்: "வால்வு, தண்ணி கேன் எல்லாம் கல்லூரி நிர்வாகம் பாக்கவேண்டிய விஷயம்." நிர்வாகம் பார்க்காது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். சடகோபனுக்கு மட்டும் அடுத்த வாரமே வேறு கட்டடத்துக்கு மாற்றல் வந்தது.

அஸ்கரி பேகம் பொறுக்கவில்லை. "ஊரே எழுதற பொய்யை எழுதினதுக்கு என் பொண்ணு குத்தவாளி. தண்ணியையே மாத்தினவரு இன்னும் சாரா? இன்னா நியாயம்ங்க இது?" என்று வாசலில் நின்று கத்தினாள். பரந்தாமன் ஃபைலை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார். புதிர் அவிழ்ந்துவிட்டது, முடிச்சு மட்டும் அந்தப் பெண்ணின் கழுத்திலேயே இருக்கிறது.

மாடிப்படியில் ஹேமநாதன் சுஹானாவுக்காக நின்றார். குரல் பழைய கனிவோடுதான் இருந்தது. "கையெழுத்துதானேம்மா? இப்பவே போடறேன். இந்தத் தண்ணி விஷயம் நான் சொல்லித்தான் உனக்குத் தெரியும்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துடு. உனக்குப் பட்டம், எனக்கு இது. ரெண்டு பேருக்கும் நல்லது."

பாலமுருகன் ஒரு படி மேலே ஏறினான். பிரபாவதி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

சுஹானா தன் தாயைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "வேணாம் சார்," என்றாள். "உங்க கையெழுத்தை நீங்களே வச்சிக்குங்க."

கீழே வந்ததும் அஸ்கரி பேகம், "பட்டம்?" என்று மட்டும் கேட்டாள்.

"கிடையாது அம்மீ."

பாலமுருகன் ஆட்டோவைக் கிளப்பினான். மூன்று பெண்களையும் ஏற்றிக்கொண்டு அரக்கோணம் போய்ச் சேர்ந்தான். வீட்டு வாசலில் சுஹானா முதலில் இறங்கினாள். அப்பாவிடம் இதை அவளே சொல்லவேண்டும் என்றாள்.