கப்பல்காரர் வீட்டுக் குழந்தை

காலை எட்டரைக்கு மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. நான்கு வயதுப் பெண் குழந்தை. இடது கை முறிவு. ஒரே வருடத்தில் இது இரண்டாவது. உடனிருப்பவள் சித்தி, அப்பாவின் இரண்டாவது மனைவி. அப்பாவுக்குக் கப்பலில் வேலை. இரண்டு முறிவும் அவர் கடலில் இருந்தபோதுதான்.

கிளம்பும்போதே பெண் காவல் ஆய்வாளர் மனதுக்குள் பாதி முடிவு கட்டிவிட்டார்.

வீட்டில் 'குருவி' என்று கூப்பிடப்படும் அந்தக் குழந்தை எலும்பும் தோலுமாக இருந்தது. வயிறு மட்டும் உப்பியிருந்தது. சித்தி கட்டிலோரம் நின்றாள்.

"எப்படி முறிஞ்சுது?"

"ஈரத்தரையில வழுக்கப் பார்த்தா மேடம். கையைப் பிடிச்சேன். என் கையிலயே படக்குன்னு..."

"பிடிச்சியா, முறுக்கினியா?"

"பிடிச்சேன். ஆனா முறிச்சது நான்தானே. தப்பு என்னோடதுதான்."

"ஒழுங்கா சோறு போடறியா?"

"என்னைவிட ஜாஸ்தி சாப்பிடுவா. உடம்புலதான் ஒட்டமாட்டேங்குது."

ஆய்வாளர் குழந்தையிடம் குனிந்தார். "சித்தி அடிப்பாங்களா?"

குருவி இல்லையென்று தலையாட்டியது.

"யார் ஊட்டினா பிடிக்கும்?"

"அப்பா. அப்பா ஊட்டினா வயிறு வலிக்காது."

"லீவுல வந்தா அவர்தான் ஊட்டுவார்" என்றாள் சித்தி, தரையைப் பார்த்தபடி. "என்னைப் பக்கத்துலயே விடமாட்டார்."

பெற்ற அப்பனே இவளை நம்பவில்லை என்று ஆய்வாளர் கணக்குப் போட்டார்.

பதினோரு மணிக்கு வீட்டுச் சோதனை. பின்கட்டில் ஒரு வாளி வெந்நீரில் குழந்தையின் உள்ளாடைகள் ஊறிக்கொண்டிருந்தன. ஆய்வாளர் ஒன்றைப் பிழிந்து வெளிச்சத்தில் பிடித்தார். ரத்தம் இல்லை. மங்கலான எண்ணெய் வளையம்.

"எதுக்கு வெந்நீர்?"

"இல்லேன்னா பிசுக்கு போகாது மேடம். அவர் வீட்ல இருக்கும்போது இந்தத் தொல்லை இல்ல."

ஆய்வாளர் துணியை வாளியில் போட்டுவிட்டு நகர்ந்தார். அன்று மாலையே சித்தி காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். 'தப்பு என்னோடது' என்ற அவள் பேச்சு வாக்குமூலமாகியிருந்தது.

மறுநாள் மதியம் எலும்பு மருத்துவர் ஆய்வாளரைக் கூப்பிட்டனுப்பினார். எக்ஸ்ரே படம் விளக்குப் பலகையில் மாட்டியிருந்தது.

"உடைஞ்ச இடத்தையே எல்லாரும் பார்த்தோம், நானும்தான். மணிக்கட்டைப் பாருங்க. எலும்பு நுனி கோடு போட்ட மாதிரி இருக்கணும். இது நைஞ்ச துணி ஓரம் மாதிரி இருக்கு. குருத்தெலும்பு இறுகவே இல்ல."

"ஏன்?"

"எலும்புன்னா சுண்ணாம்புன்னு நினைக்கிறோம். அந்தச் சுண்ணாம்பு முதல்ல படியறதே கொழுப்புச் சவ்வால ஆன குட்டிக் குட்டிப் பைகள்லதான். சுண்ணாம்பைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி வேணும். அதுவும் கொழுப்புல கரைஞ்சுதான் உள்ள போகும். சாப்பிட்ட கொழுப்பு செரிக்கலைன்னா எல்லாம் வீண். மெல்லப் பிடிச்சாலே எலும்பு முறியும்."

"செரிக்காத கொழுப்பு?"

"மலத்தோட போகும். துணியில எண்ணெய்க் கறையா நிக்கும்."

ஆய்வாளருக்கு வாளி ஞாபகம் வந்தது. கையில் பிடித்துப் பார்த்த சாட்சியம். தூக்கிப் போட்டது அதே கைதான்.

"இதுக்கு மருந்து?"

"இருக்கு. சிலருக்குப் பிறவியிலயே செரிமான நீர் சுரக்காது. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடவும் மாத்திரை கொடுக்கணும்."

ஆய்வாளர் எழுந்தார்.

நான்கு மணிக்குக் கப்பல்காரர், கப்பல் நின்ற துறைமுகத்திலிருந்து விமானம் பிடித்து, பெட்டியோடு வந்து சேர்ந்தார். ஆய்வாளர் அவரை மருத்துவமனை வராந்தாவிலேயே நிறுத்தினார்.

"ஒரே வீடு. ஒரே சமையல். நீங்க இருந்தா வயிறு வலிக்கல, துணியில பிசுக்கில்ல, எலும்பு முறியல. ஊட்டுற கை மட்டும்தான் வேற. மாத்திரை எங்க?"

 அவர் பெட்டியைத் திறந்து, சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார்.

"இந்தக் கோளாறு குருவிக்குப் பிறந்ததுலேர்ந்து இருக்கு மேடம். முன்னாடி என் தங்கச்சி வளர்த்தா, அவ கொடுத்தா. ரெண்டாம் கல்யாணம் பேசின ஒரு இடத்துல உண்மையைச் சொன்னேன். எழுந்து போயிட்டாங்க. அதான் கட்டிக்கிட்டவகிட்டயும் வாய் வரல. சோத்துல கலந்து நானே ஊட்டினேன். கப்பல் ஏறும்போதெல்லாம், அடுத்த தடவை சொல்லிக்கலாம், அதுவரைக்கும் தாங்கும்னு..."

"முதல் முறிவுக்கு அப்புறமுமா?"

"விழுந்ததால முறிஞ்சுதுன்னு நம்பிக்கிட்டேன்."

"உங்க மனைவி ஸ்டேஷன்ல இருக்கறது தெரியுமா?"

"நேத்தே ஃபோன்ல சொன்னாங்க."

"அப்பவும் சொல்லல."

அவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். ஆய்வாளர் அதற்குமேல் கேட்கவில்லை. கடிந்துகொள்ளும் யோக்கியதை தனக்கு இருக்கிறதா என்று அவருக்கே உறுத்தியது.

ஐந்து மணிக்கு நிலையத்துக்குத் திரும்பினார். சித்தி அதே பெஞ்சில் இருந்தாள்; காலையில் வாங்கிக் கொடுத்த சாப்பாடு பிரிக்காமல் கிடந்தது. ஆய்வாளர் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னார்.

"உங்க மேல எந்தத் தப்பும் இல்லம்மா. நான்தான் அவசரப்பட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவள் அழவில்லை. கணவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அந்த மாத்திரையை" என்றாள், "சாப்பாட்டுக்கு முன்னாடி கொடுக்கணுமா மேடம், நடுவுலயா?"

ஆய்வாளருக்குத் தெரியவில்லை. மருத்துவரின் எண்ணை அழுத்தி, ஃபோனை அவள் கையில் கொடுத்தார்.