வராத எச்சரிக்கை

அன்றைக்கு எச்சரிக்கை வரவில்லை.

வெள்ளவத்தை வீட்டின் மலிவுக் கமராவைக் தான் வேலை செய்யும் கொட்டாஞ்சேனைக் கந்தோரின் கம்பியூட்டரில் அனுஷியா திறக்கும்போதெல்லாம், சிவப்பு முக்கோணத்தோடு ஒரு பக்கம் முன்னால் வந்து நிற்கும்: இந்தத் தளம் உண்மையானதென்று உறுதிப்படுத்த முடியவில்லை, வேறு யாராவது அதைப்போல் நடிக்கக்கூடும். "சான்றிதழ் இல்லாத கமரா அப்பிடித்தான் கத்தும். பரவாயில்லை எண்டு அமத்திப்போட்டு உள்ளுக்குப் போம்," என்று அவளைப் பழக்கியிருந்தான், வீட்டிலிருந்தே வேலை செய்யும் புருஷன் உமாசுதன். கள்ளருக்காகக் கமரா என்று அவனுக்குச் சொல்லியிருந்தாள். உண்மையில், கீழ்மாடி லவினா கறிக் கோப்பையோடு எத்தனை தரம் மேலே வருகிறாள் என்று பார்க்கத்தான்.

இன்று முக்கோணம் இல்லை; முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுக் குறி சத்தமில்லாமல் விழுந்தது. படம் திறந்தது.

மேசையில் உமாசுதன். அவனுக்கு மீன் குழம்பு ஊற்றியபடி, முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி. அனுஷியாவின் ஊதா ஹவுஸ்கோட். அவன் சிரித்தான், கலியாணம் முடித்த புதிதில் சிரித்த சிரிப்பு.

அவனுக்குப் போன் எடுத்தாள். "ஆர் வீட்டில?"

"ஆர் இருக்கினம்? நீர்தானே..." அவன் குரல் தாழ்ந்தது. "இஞ்சரும், உம்மட நம்பரில இருந்து ஆரோ உம்மைப் போலவே கதைக்கினம்."

"வையுங்கோவப்பா," என்றது அனுஷியாவின் குரல், அங்கிருந்து. "கறி ஆறுது."

ஹவுஸ்கோட்காரி திரும்பிக் கமராவைப் பார்த்தாள். அனுஷியாவின் முகம்தான். புருவ நடுவில் அந்தச் சுருக்கம் மட்டும் இல்லை. சந்தேகம் ஒருநாளும் தொடாத முகம்.

வீட்டுக்குப் போகும் காலி வீதி பஸ்ஸுக்குள் ஈரத் துணியும் டீசலும் மணத்தன. வெளியே மழை இருட்டியது. அவளுக்கு ஒரே நினைப்பு: என்னோடை அவர் அப்பிடிச் சிரிக்கிறேல்லை.

மாடிப்படி. குழம்பு வாசம். அவள் கையிலிருந்த திறப்பு பூட்டில் நுழையவில்லை. சொட்டும் குடையைப் பிடித்தபடி தட்டினாள்.

"ஆர்?" உள்ளிருந்து உமாசுதன்.

"நான் அனுஷியா."

"அனுஷியா உள்ளுக்கை நிக்கிறா."

"அது நானில்லை. திறவுங்கோ."

திறந்தான். அவளுக்கு ஊடாக நடைபாதையைப் பார்த்தான்.

"ஒருத்தரையும் காணேல்லை. ஆரோ குடையை விட்டிட்டுப் போயிருக்கினம்."

"என்ர குடைதான்," என்றாள், அவன் தோளுக்குப் பின்னால் நின்றவள். "உள்ளுக்கு எடுங்கோ."

அனுஷியா போனில் கமராவைத் திறந்தாள். இப்போது எச்சரிக்கை வந்தது. சிவப்பு. உறுதிப்படுத்த முடியவில்லை. நடிக்கக்கூடும். கை பழக்கத்தில் அமத்தியது.

படத்தில் மேசை. அப்பால் திறந்த கதவு. இரண்டு முதுகுகள். நீளும் அவனுடைய கை.

வாசலில் குடை, பிடிக்க ஒருவருமில்லாமல், சொட்டிக்கொண்டு நின்றது.