சோலைமுத்து மாமா கழித்த கதைகள்

டெய்சியின் அம்மா ரோசலின் திண்டுக்கல்லில் ஆசிரியை. பள்ளி விட்டு வந்ததும் அவருக்கு இன்னொரு வேலை காத்திருக்கும்.

பதினெட்டு மொழிகளில் சிறுவர் கதைகள் உள்ள ஓர் இணையதளம். அதை அப்படியே நகலெடுத்து, ஐந்து ஊர்களில் ஐந்து பேர் தங்கள் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார்கள். மிரர் தளம் என்று பெயர். முதன்மைத் தளம் நின்றுபோனாலும் அங்கே கதை கிடைக்கும். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. ஐந்து பேரையும் ஒருங்கிணைப்பது அம்மாதான். அவர்களை நினைத்தாலே டெய்சிக்குப் பெருமையாக இருக்கும்.

அன்று சனிக்கிழமை. முதன்மைத் தளத்தைப் பழுதுபார்க்க மாலை ஆறு மணிக்கு மூடுகிறார்கள். இரண்டு நாளைக்கு மிரர் தளங்கள்தான் எல்லாருக்கும் கதை தர வேண்டும்.

"நத்தம் தளத்தை மிரர் பட்டியல்ல இருந்து எடுக்கப்போறேன்" என்றார் அம்மா. "சந்தாலி மொழிக் கதை அறுபதும் அங்க இல்ல. நாலு தடவை அனுப்புனேன். நாலு தடவையும் அழிச்சிட்டாரு. மெயில் போட்டா பதிலும் இல்ல."

நத்தம் தளத்தைத் தன் கடையிலேயே ஒரு கம்ப்யூட்டரில் வைத்து நடத்துபவர் மாங்காய் வியாபாரி சோலைமுத்து. இரண்டு வருடத்தில் அவருடைய தளம் ஒரு நாள்கூட நின்றதில்லை. அவரையா எடுப்பது? டெய்சிக்கு மனசு கேட்கவில்லை.

"போன்ல கேட்டீங்களாம்மா?"

"மாங்காய் சீசன். அவரு எங்க எடுக்கப்போறாரு."

டெய்சி விடவில்லை, அவருக்குப் போன் போட்டாள். மூன்றாவது முறை எடுத்தார்.

"மாமா, அந்த அறுபது கதையை ஏன் அழிச்சீங்க?"

"அதுவா தாயி? ஒரு எழுத்தும் இல்ல, வரிக்கு வரி வெறும் கட்டமா இருந்துச்சு. கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். கூடையில ஒரு பழம் அழுகுனா அம்புட்டையும் கெடுத்துரும்ல? அதான் வர வரக் கழிச்சுட்டேன்."

டெய்சி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பள்ளிக் கம்ப்யூட்டரில் அவளும் அந்தக் கட்டங்களைப் பார்த்திருக்கிறாள். அம்மாவின் கம்ப்யூட்டரில் அதே கதையைத் திறந்து, படமெடுத்து அவருக்கு அனுப்பினாள்.

அவர் படத்தைத் திறந்து பார்த்தார்.

"இம்புட்டு அழகான எழுத்தா?"

"சந்தாலிக்குத் தனி எழுத்து மாமா. உங்க கம்ப்யூட்டர்ல அந்த எழுத்துரு இல்ல, அதான் கட்டமா தெரிஞ்சுச்சு. கதை நல்லாத்தான் இருக்கு."

அம்மா போனை வாங்கினார். "அண்ணே, மெயில்ல கோவமா எழுதிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"நான் எங்க டீச்சர் மெயில் பாத்தேன்? திரும்ப அனுப்புங்க, இனி தொடமாட்டேன்."

கதைகள் நத்தம் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தே முக்கால். பட்டியலில் நத்தம் அப்படியே இருந்தது.

ஏழு மணிக்கு அவரே போன் செய்தார். பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல மெதுவாகப் பேசினார்.

"தாயி, எங்கேயோ ஒரு பிள்ளை நான் கழிச்ச கதையைத்தான் படிச்சுக்கிட்டு இருக்கு. எந்தப் பக்கம் தொறக்குறாங்கன்னு இங்க திரையில தெரியுது, ஒன்பதாம் பக்கம் வந்துருச்சு. அது முடிக்கிற வரைக்கும் நான் கடையைப் பூட்டமாட்டேன்."