புக்கெட்டில் கப்பல் நிற்காது

சரண் தன் பள்ளிக்கூடப் பையை யாரிடமும் கொடுக்கவில்லை.

கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் ஏறியபோது கொடுக்கவில்லை. இரவு அதையே தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கினான். காலையில் பசியாற வந்தபோதும் பை அவன் முதுகில்தான் தொங்கியது.

“ஏன்டா, கப்பல்லயும் வீட்டுப்பாடமா?” என்று கேட்டார் உஷாராணி அத்தை.

“இல்ல அத்தை. சும்மா,” என்றான் சரண். அவனுக்கு ஆறு வயது. அவன் “சும்மா” என்று சொன்னால் அது சும்மா இல்லை என்பது அவன் அக்கா தனேஸ்வரிக்குத் தெரியும்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. கப்பல் தலைவர் முதலில் ஆங்கிலத்தில் பேசினார். பிறகு மலாயில் வேறொருவர் பேசினார். வடக்கே கடல் கொந்தளிப்பாக இருக்கிறதாம். கப்பல் தாய்லாந்தின் புக்கெட்டில் நிற்காதாம். அதற்குப் பதில் நாளை காலை பினாங்கில் நிற்குமாம்.

சாப்பாட்டுக் கூடம் முழுக்க ஒரே சத்தம்.

“பினாங்கா?” அத்தை கரண்டியைப் போட்டார். “பினாங்குக்கு ரவாங்லேர்ந்து ரயில்லயே போயிருப்பேன்லா! அதுக்கு எதுக்குக் கப்பலு? இருங்க அண்ணி, நான் போய்க் கப்பல்காரங்கள ஒரு பிடி பிடிச்சிட்டு வரேன்.”

அம்மா தலையை மட்டும் ஆட்டினார். அம்மா புஷ்பவள்ளி எதற்கும் கோபப்படுவதில்லை. எதற்கும் சிரிப்பதும் இல்லை. ஒரு வருஷமாக அப்படித்தான். அண்ணி கொஞ்சமாவது சிரிக்கட்டும் என்றுதான் அத்தை இந்தப் பயணத்துக்கே ஏற்பாடு செய்திருந்தார்.

சரண் ரொட்டியைக் கீழே வைத்தான்.

“அக்கா, புக்கெட்டுக்கு எப்போ போவோம்?”

“போக மாட்டோம்டா. பினாங்குக்குத்தான் போறோம்.”

“பினாங்கு முடிஞ்சதும்?”

“வீட்டுக்கு.”

அவன் நாற்காலியிலிருந்து இறங்கினான். முதலில் நடந்தான். பிறகு ஓடினான்.

அறையில் கட்டிலுக்கு அடியில் அவன் கால் மட்டும் தெரிந்தது. தனேஸ்வரி தரையில் படுத்து எட்டிப் பார்த்தாள். பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

“வெளிய வா.”

“மாட்டேன். நீ கப்பல் ஓட்டுறவர்கிட்டப் போய்ச் சொல்லு. அப்பா அங்க நின்னுக்கிட்டு இருப்பாருன்னு சொல்லு.”

தனேஸ்வரி கையை நீட்டிப் பையைத் தொட்டாள்.

“பைக்குள்ள என்ன?”

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு பையை அவள் பக்கம் தள்ளிவிட்டான்.

உள்ளே அப்பாவின் நீலச் சிலிப்பர் இருந்தது. இடது பக்க வார் அறுந்துபோய், அப்பாவே செம்புக் கம்பி போட்டு முறுக்கியது.

“சிலிப்பர விட்டுட்டுப் போயிட்டாரு. அங்க மணல் ரொம்ப சுடும்னு டீச்சர் சொன்னாங்க. பாவம்ல?” என்றான் சரண்.

அந்தச் சிலிப்பர் ஒரு வருஷமாக அவர்கள் வீட்டு வாசலில்தான் கிடந்தது. கோலா சிலாங்கூர் போகும் சாலையில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது வீடு. அம்மா வாசலைக் கூட்டும்போது சிலிப்பரை நகர்த்தாமல் சுற்றிக் கூட்டுவார். போன வாரம் அது காணாமல் போனது. பக்கத்து வீட்டு நாய்தான் தூக்கிக்கொண்டு போனது என்று அம்மா விளக்குமாற்றோடு துரத்தினார். பாவம், அந்த நாய்.

அப்பா முகுந்தன் சிலிப்பரை மறந்துவிட்டுப் போகவில்லை. அன்று வேலைக்குக் காலில் சப்பாத்து போட்டுக்கொண்டு போனார். மழையில் அவருடைய மோட்டார் சைக்கிளை ஒரு லோரி மோதியது. அவர் திரும்பி வரவில்லை.

அப்போது சரண் ரவாங்கில் அத்தை வீட்டில் இருந்தான். “அப்பா எங்கே?” என்று கேட்டான். அத்தை சுவரைப் பார்த்தார். சுவரில் ஒரு காலண்டர். காலண்டரில் நீலக் கடல். கீழே புக்கெட் என்று எழுதியிருந்தது.

“புக்கெட்டுக்கு வேலைக்குப் போயிருக்காருடா கண்ணு,” என்றார் அத்தை.

அவ்வளவுதான். தீபாவளி கழியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்றார்கள். தீபாவளி கழிந்தது. பள்ளி திறக்கட்டும் என்றார்கள். பள்ளியும் திறந்தது. இந்தப் பயணத்துக்குச் சீட்டு வாங்கியபோது, பொய் சொன்ன அத்தைக்கே அது மறந்துபோயிருந்தது. நம்பியவன் மட்டும் மறக்கவில்லை. பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய்க்குக் கப்பலே இருந்தது.

தனேஸ்வரி சிலிப்பரைப் பைக்குள் வைத்து, தம்பியைச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டி வந்தாள். அழுது வீங்கிய அவன் முகத்தை அத்தை பார்த்தார்.

“என் ராசாவுக்கு என்ன?”

“அப்பா புக்கெட்ல இருக்காரு. கப்பல் போகாதாம்.”

அத்தையின் முகம் ஒரு நொடி வெளுத்தது. அடுத்த நொடி அவர் வாய் முந்திக்கொண்டது.

“அட, இதுக்கா அழுவுற? கப்பல் பினாங்குக்குப் போவுதுல்ல? அப்பா அங்க வந்துருவாரு!”

“நெசமாவா?”

“நெசமாத்தான். போ, ஐஸ்கிரீம் வாங்கிக்க.”

சரண் துள்ளிக்கொண்டு ஓடினான். முதுகில் பையும் துள்ளியது.

தனேஸ்வரி அத்தை பக்கம் திரும்பினாள். கப்பல் துறைமுகத்தை மாற்றியது. அத்தையும் மாற்றிவிட்டார்.

“ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?”

“சின்னப் புள்ளலா. அழுவுறான். வேற என்னா சொல்றது?”

“நாளைக்கு இறங்குவான். போற வர்றவங்க முகத்தையெல்லாம் பார்த்துக்கிட்டே நிப்பான். அப்புறம் எந்த ஊரச் சொல்வீங்க? லங்காவியா?”

“வாயப் பாரு! அண்ணி, ஒங்க மவ பேசறதக் கேட்டீங்களா?”

அம்மா தேநீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஊருக்குப் போய்ச் சொல்லிக்கலாம் தனேசு.”

“தீபாவளிக்கும் இதத்தான்மா சொன்னீங்க.”

தனேஸ்வரி எழுந்து போனாள்.

சரண் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூக்கு நுனியில் ஐஸ்கிரீம். “அக்கா, பினாங்கு தெரியுதா பாரு!” என்றான்.

அவள் அவன் மூக்கைத் துடைத்துவிட்டாள். உட்காரச் சொல்லிப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். எப்படித் தொடங்குவது? சுற்றிச் சுற்றிப் பேசினால் அதுவும் இன்னொரு பொய் மாதிரி ஆகிவிடும்.

“அப்பா பினாங்குக்கு வரமாட்டாரு சரண்.”

“லேட்டா வருவாரா?”

“வரவே மாட்டாரு. புக்கெட்லயும் இல்ல. அப்பா செத்துட்டாரு.”

ஐஸ்கிரீம் உருகி அவன் விரலில் வழிந்தது.

“நம்ம கறுப்புப் பூனை மாதிரியா?”

“ஆமா.”

“பூனை திரும்பி வரல.”

“ஆமாடா, வரல. அப்பாவ லோரி மோதிருச்சு. அப்போ நீ அத்தை வீட்டுல இருந்த.”

“எங்க பொதைச்சாங்க?”

“எரிச்சாங்க. சாம்பல கோலா சிலாங்கூர்ல படகுல எடுத்துட்டுப் போய்க் கடல்ல கரைச்சாங்க. என்னைப் படகுல ஏத்தல. நான் கரையிலயே நின்னேன்.”

சரண் கம்பிக்கு நடுவே பார்த்தான்.

“இந்தக் கடலா?”

“இதே கடல்தான்.”

அவன் எட்டித் தண்ணீரைப் பார்த்தான். பிறகு அவளிடம் திரும்பினான்.

“ஒனக்கு எப்போ தெரியும்?”

“அன்னிக்கே.”

“அம்மாவுக்கு?”

“அன்னிக்கே.”

“என் பக்கத்துல உக்காருவான்ல, செல்வா? அவனுக்கு?”

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. “தெரியும்,” என்றாள் தனேஸ்வரி.

“அப்போ எனக்கு மட்டும்தான் தெரியாது.”

அவன் பையைக் கழற்றி அவளை அடித்தான். தோளில் அடித்தான், முதுகில் அடித்தான். அவள் தடுக்கவில்லை. கை ஓயும்வரை அடித்துவிட்டு, பையை இழுத்துக்கொண்டு படியிறங்கினான். அவளும் பின்னாலேயே போனாள்.

அம்மாவின் மேசைக்கு நேராகப் போய் நின்றான்.

“அம்மா, அப்பா செத்துட்டாரா?”

அத்தை மேசைமேல் இருந்த உணவுப் பட்டியல் அட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். செத்தவர் அவருக்கு அண்ணன் அல்லவா?

அம்மா தனேஸ்வரியைப் பார்த்தார். பிறகு சரணைப் பார்த்தார்.

“ஆமாய்யா,” என்றார். “செத்துட்டாரு. நான்தான் ஒங்கிட்டச் சொல்லியிருக்கணும். எனக்குச் சொல்ல வரல.”

சரண் பையைத் திறந்து சிலிப்பரை எடுத்து மேசைமேல் வைத்தான். அம்மா அந்தச் செம்புக் கம்பியைத் தொட்டார். ஒரு வருஷமாகச் சத்தமில்லாமல் இருந்தவர் வாய்விட்டு அழுதார். சரணும் அவர் மடியில் விழுந்து அழுதான்.

“நாய் எடுத்துட்டுப் போயிருச்சுன்னு நெனச்சேன்டா.”

“பாவம்மா அந்த நாய்,” என்று தேம்பினான் சரண். “அது நல்ல நாய்மா.”

அழுகைக்கு நடுவே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிறிய சிரிப்புதான். அத்தை அட்டையைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார்.

மறுநாள் பினாங்கில் இறங்கினார்கள். வெயில் கொளுத்தியது. சரண் யாருடைய முகத்தையும் தேடவில்லை.

தேடியது தனேஸ்வரிதான். சாலைக்கு அந்தப் பக்கம் ஒருவர் நடந்து போனார். அப்பாவின் முதுகு, அப்பாவின் நடை. அவள் கால் தானாக நின்றுவிட்டது.

நேற்றிலிருந்து அவளோடு பேசாத சரண் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

“அது அப்பா இல்லக்கா. வா.”

அவள் வந்தாள்.

அதற்கடுத்த நாள் கப்பல் கிள்ளானுக்குத் திரும்பியது. இறங்குவதற்கு எல்லாரும் வரிசையில் நின்றார்கள். சரண் தன் சப்பாத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். அப்பாவின் சிலிப்பரில் கால் நுழைத்தான். அது அவன் காலைப் போல இரண்டு மடங்கு இருந்தது.

“விழுந்துருவடா, கழட்டு,” என்றார் அத்தை.

“விடு உஷா. மெதுவா வரட்டும்,” என்றார் அம்மா.

சரண் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக இறங்கினான். அவனுக்குப் பின்னால் வரிசை நின்றுபோனது. யாரோ ஒருவர் சலித்துக்கொண்டார்.

அத்தை திரும்பினார். “என்னா அவசரம்? எங்க அண்ணன் சிலிப்பருலா அது. பையன் மெதுவாத்தான் வருவான்.”

படக், படக் என்று சிலிப்பர் சத்தம் மட்டும் கரைவரை கேட்டது.