உடன் வந்தவர்: ஒரு சிறிய கோடு

"இது பேஷன்ட்டுங்க உட்கார்ற நாற்காலி. கூட வந்தவங்க கொஞ்சம் நிக்கலாமே..."

அவள் சொன்னதும், ஆஸ்பத்திரி நாற்காலியில் இருந்த நீலச் சட்டைக்காரன் நிமிர்ந்தான். அந்தக் கண்களில் கோபம் இல்லை... குறும்புதான் இருந்தது. பேனாவால் தன் இடது முழங்காலுக்குக் கீழே தட்டினான். டொக்... டொக்... செயற்கைக் கால்.

அவளுக்குக் காது வரை சூடேறியது. அவன் எழுந்து இடம் விட்டான், அவள் உட்காரவில்லை. வெளியே மழை. நடுவில் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது.

அன்று, காலில் புற்றுக்கட்டி வந்து மீண்டவர்களுக்கு நடைச் சோதனை. கட்டியை மட்டும் எடுத்துக் காலைக் காப்பாற்றியவர்களுக்குப் பச்சைத் தாள். காலையே எடுத்தவர்களுக்கு மஞ்சள். இரண்டையும் பெரிய டாக்டர் ஒப்பிட்டுப் பார்ப்பார். அவளுக்கோ இந்தச் சோதனைதான் பிழைப்பு. ஆறு நிமிடத்தில் முப்பது மீட்டர் நடைக்கூடத்தைப் பதினான்கு முறை கடந்தால்தான் தெருத்தெருவாகத் தபால் கொடுக்கும் வேலை திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் ஆயுசுக்கும் முத்திரை குத்தும் மேஜைதான்.

அவன் கடிகாரம் ரிப்பேர் செய்பவனாம். எனக்கு ஒரே ஆபரேஷன், நாலாம் மாதமே கடையைத் திறந்துவிட்டேன் என்றான். எனக்கு மூன்று, உள்ளே இரும்புக் கம்பி, ஆனாலும் கால் என்னுடையது என்றாள் அவள், விடாமல்.

"இதுவும் என்னுதுதாங்க. தூங்கும்போது கழட்டி வச்சிடுவேன். உங்களால முடியுமா?"

சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

பிசியோ அக்கா முதலில் அவளை அனுப்பினார், ஒரு நிமிடம் கழித்து அவனை. ஒருவர் வேகத்துக்கு இன்னொருவர் நடக்கக் கூடாது என்பது கண்டிப்பு. அவளுடைய ஒன்பதாவது நடையில் அவன் அவளை எட்டிவிட்டான். ஆனால் தாண்டவில்லை... பக்கத்திலேயே வந்தான். பத்து... பதினொன்று...

அக்கா விசிலை ஊதிவிட்டார். சேர்ந்து நடந்தது கணக்கில் வராதாம். அரை மணி ஓய்வு, பிறகு தனித்தனியாக முதலிலிருந்து.

"என் மேல பரிதாபப்பட்டீங்களா?" அவள் அவன் பக்கம் திரும்பிக் கேட்டாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கேட்கவில்லை. மூன்று ஆபரேஷனுக்கும் தனியாக வந்து, படிவத்தில் 'உடன் வந்தவர்' என்ற கட்டத்தில் வெறும் கோடு போட்டவள் அவள். இவன் யார் கூட வர?

மறுபடி நடந்தாள். பத்தாவதில் தொடை எரிந்தது. பன்னிரண்டாவதில் கம்பி உள்ளே இழுத்துப் பிடித்தது. நிற்கவில்லை. பதினான்காவது நடை முடிந்து கோட்டைத் தொட்டபோது இன்னும் நாலு நொடி பாக்கி இருந்தது. தலை நிமிர்ந்தே நின்றாள். என் கால்... என் தெரு...

சுவரோரம் கைக்கடிகாரத்தோடு நின்றவன் மெதுவாக வந்தான்.

"பரிதாபம் இல்லீங்க. தாண்டிப் போனா உங்க முகம் தெரியாது... அதான் கால் வரல."

"எந்தக் கால்?"

"ரெண்டும்தான்."

இந்த முறை சிரிப்பை அவள் அடக்கவில்லை.

"உங்களைப் பிடிச்சிருக்கு," என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. கையில் அவனுடைய மஞ்சள் தாள். அதை வாங்கிப் பார்த்தாள். 'உடன் வந்தவர்' கட்டத்தில் அவனும் ஒரு கோடுதான் போட்டிருந்தான்... அவளைப் போலவே.

அவன் பேனாவையே வாங்கி, அந்தக் கோட்டை அடித்துவிட்டு, நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

தபால்காரி.