உம் கொட்டுகிறவர்கள்

மாலை ஐந்தரை மணி. கதை இன்னும் தொடங்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ‘ம்’ கொட்டினார்கள்.

நூலகர் புத்தகத்தை முக்காலியில் விரித்து, பக்கம் புரளாமல் துணிக் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தாள். “பொறுங்கப்பா, இன்னும் ஆரம்பிக்கவே இல்ல,” என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பு நேர் எதிரே பாயிலிருந்து வந்தது. அந்த ‘ம்’ இடது பக்கமிருந்து, திரைக்கு மிக அருகில் வந்தது. அங்கே பாய் இல்லை. அகராதிகள் வைத்த அலமாரிதான் இருந்தது.

காவலாளி எட்டிப் பார்த்தான். “அக்கா, வானம் கறுத்துக்கிட்டு வருது. நரியைச் சீக்கிரம் விரட்டிவிட்டுடுங்க.”

“நரிக்கு இன்னும் சாப்பாடே ஆகல அண்ணே,” என்றாள். பிள்ளைகள் மறுபடி சிரித்தார்கள்.

ஊர் முடிகிற இடத்தில், தகரக் கூரை போட்ட ஒற்றைக் கூடம். செய்தித்தாள் பார்க்க வரும் நாலைந்து பேரைத் தவிர யாரும் வராத கிளை. ஆள் வராவிட்டால் மூடிவிடுவோம் என்று தலைமை அலுவலகம் சொன்ன பிறகு, அவள் பழைய சாக்ஸில் ஒரு நரியும் ஓர் ஆடும் தைத்தாள். இரண்டு அலமாரிகளுக்கு நடுவே கறுப்புத் துணி கட்டினாள். சனிக்கிழமை தோறும் அதன் பின்னால் உட்கார்ந்து, கைகளை மட்டும் மேலே தூக்கிக் கதை சொன்னாள்.

திரைக்குப் பின்னாலிருந்து பிள்ளைகள் தெரிய மாட்டார்கள். அதனால் ஓர் ஏற்பாடு. “ம் கொட்டுங்க. அப்பதான் நீங்க தூங்கலைன்னு எனக்குத் தெரியும்.”

போன வாரம் கதை முடிந்த பிறகும் அவர்கள் விடவில்லை.

“முடிஞ்சுதுடா. கடையைக் கட்டுங்க.”

“ம்ம்ம்.”

“நரியே வீட்டுக்குப் போயிடுச்சு.”

“ம்ம்ம்.”

சிரிப்பு தாங்காமல் அவள் சொல்லிவிட்டாள்: “சரி, சத்தியமா. யாராவது ம் கொட்டுற வரைக்கும் கதை நிக்காது. போதுமா?”

போதும் என்பதுபோல் ஒரே ஒரு ‘ம்’ வந்தது. அது யாருடையது என்று அவள் அன்று யோசிக்கவில்லை.

“ஒரு காட்டுல ஓர் ஆட்டுக்குட்டி வழி தவறிடுச்சு,” என்று இன்றைய கதையைத் தொடங்கினாள்.

“ம்.”

அந்தக் கூட்டத்துக்குள் மகளின் குரலைத் தேடினாள். ஏழு வயது. இரண்டு நாளாகச் சளி. மூக்கடைப்பில் அவளுடைய ‘ம்’ பாதியில் உடைந்து நிற்கும். செருப்புக் குவியலில் மகளின் செருப்பைக் கண்டுபிடிப்பதுபோல் அதைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் அடுத்த வரிக்குப் போனாள்.

மழை பிடித்தது. முதலில் தகரத்தில் யாரோ கைப்பிடி மணலை வீசியதுபோல், பிறகு மூட்டை மூட்டையாகக் கவிழ்த்ததுபோல், கடைசியில் மேசை விளக்கின் சிறு மஞ்சள் வட்டத்தையும் ஈரக் காகித வாசனையையும் தவிர உலகத்தில் வேறெதுவும் மிஞ்சவில்லை என்று தோன்றும்படி அது கூரை முழுவதும் இரைந்தது. அவள் குரலை உயர்த்தினாள். தூக்கிய கைகள் வலித்தன. வாசல் பக்கம் ஏதோ சத்தம், ஏதோ வண்டி. இரைச்சலில் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் ‘ம்’ மட்டும் வரிக்கு வரி தவறாமல் வந்தது. மழைக்கு மேலாக அல்ல, மழைக்குக் கீழாக, தரையோடு தரையாக.

பிள்ளைகள் இவ்வளவு ஒழுங்காகக் கொட்டியதே இல்லை. ஒருவன் முந்துவான், ஒருத்தி கொட்டாவி விடுவாள். இன்று எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிந்தன. மகளுடையது மட்டும் உடைந்தது.

முக்காலியில் போன் அதிர்ந்தது. காவலாளி. நரியின் மூக்கால் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

“அக்கா, பாலத்துல தண்ணி ஏறிடுச்சு. பசங்க எல்லாரையும் வேன்ல ஏத்திக் கொண்டு வந்து ஊருக்குள்ள விட்டுட்டேன். நீங்க அங்கயே இருங்க. தண்ணி வடிஞ்சதும் வர்றேன்.”

“எல்லாரையும்னா?”

“எல்லாரையும்தான். பாப்பா மட்டும் வரமாட்டேன்னுச்சு. அம்மாகூட இருக்கேன்னு பாயிலயே உட்கார்ந்துக்கிச்சு. உங்ககிட்ட கேட்டேனே அக்கா. சரி, மத்தவங்களைக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னீங்களே.”

“நான் எதுவும் சொல்லல.”

“சொன்னீங்க அக்கா. அந்த அகராதி அலமாரி பக்கமிருந்து…”

இணைப்பு அறுந்தது.

கதை நின்றிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் பாய் சரசரத்தது. பலர் ஒரே நேரத்தில் உட்கார்ந்தபடியே நகர்வதுபோல். சுற்றிலுமிருந்து உள்நோக்கி.

“அம்மா,” என்றாள் மகள். “இடிக்கிறாங்க.”

“ஆட்டுக்குட்டி,” என்று அவள் கத்திவிட்டாள். குரலை அடக்கினாள். “ஆட்டுக்குட்டி ஒரு மரத்தடியில உட்கார்ந்திருந்துச்சு.”

சரசரப்பு நின்றது.

“ம்.”

நரியும் ஆடும் துணிக்கு மேலே நடுங்கின. அவற்றை ஆட்டியபடியே குனிந்து, திரையின் கீழ் இடைவெளியில் பார்த்தாள். பாய். அதன் நடுவில் மகளின் சம்மணமிட்ட கால்கள், மஞ்சள் சாக்ஸ். வேறு யாரும் இல்லை.

“காத்து வீசுச்சு,” என்றாள்.

“ம்.”

மகளைச் சுற்றி எங்கும் பாயின் கோரைகள் ஒரு முறை அழுந்தி எழுந்தன.

விளக்கு அணைந்தது.

கூடம் முழுக்க மின்சாரம் போயிருந்தது. புத்தகம் தெரியவில்லை. இனி அவளே இட்டுக்கட்ட வேண்டும். எழுந்து ஓடி மகளைத் தூக்கலாம். ஓடும்போது கதை சொல்ல வாய் வருமா? ஒரு மூச்சு தவறினால் போதும். அவர்கள் மகளுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். அவள் தூரத்தில் இருந்தாள்.

மகள் சமர்த்து. சொன்னால் புரிந்துகொள்வாள்.

“ஆட்டுக்குட்டிக்கு அம்மா எங்க இருக்கான்னு தெரிஞ்சுபோச்சு.”

“ம்.”

“பக்கத்துலதான். ஒரு கறுப்புப் புதருக்குப் பின்னாடி.”

“ம்.”

“குட்டி மெதுவா எழுந்திருச்சு. யாரையும் திரும்பிப் பார்க்கல.”

“ம்.”

“நேரா அம்மாகிட்ட நடந்து வந்துச்சு.”

பாய் சரசரத்தது. ஒரே ஓர் ஆளின் சரசரப்பு. பிறகு சிமெண்டுத் தரையில் சின்னக் காலடிகள். வெறுங்கால்.

நெருங்கின.

திரையின் கீழ்விளிம்பு தூக்கப்பட்டது. அவள் கைகளிலிருந்த சாக்ஸை உதறிவிட்டு இருட்டில் துழாவினாள். சின்னக் கை. சில்லென்றிருந்தது. கட்டைவிரலில் பிளாஸ்திரி. காலையில் அவளே ஒட்டியது. இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். குழந்தை அவள் கழுத்தில் முகம் புதைத்தது. அவளுக்கு அழுகை வந்தது. அதை விழுங்கினாள். கதை நிற்கக்கூடாது. வாசல் வரை சொல்லிக்கொண்டே போய்விட்டால் போதும்.

“அம்மாவும் குட்டியும் வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க,” என்றாள். கூந்தலைத் தடவினாள்.

ஈரம்.

மகள் மழையில் நனையவில்லை.

நனைந்து காய்ந்த புத்தகத்தின் வாசனை. பசை. பூஞ்சை.

“ம்,” என்றது மடியில் இருந்தது. அடைப்பில்லாத, சுத்தமான ‘ம்’.

அவள் வாய் திறந்தபடியே இருந்தது. வார்த்தை வரவில்லை. கழுத்தைச் சுற்றியிருந்த கை இறுகியது. அந்தப் பக்கம் பாய் சரசரக்கத் தொடங்கியது, பல இடங்களில், உள்நோக்கி. அதன் நடுவிலிருந்து, மூக்கடைத்த குரலில்:

“அம்மா, நான் இப்ப எழுந்து வரட்டுமா?”