காணாமல் போன வாசிப்பு அட்டை

காலை 8.20. விமானப்படைத் தளத்தின் கண் பரிசோதனை அறையில் வாசிப்பு அட்டையைக் காணோம். பொடி எழுத்தைக் கையில் பிடித்துப் படிக்கவைக்கும் அட்டை அது. தூரப்பார்வைக்கான பெரிய எழுத்துப் பலகை சுவரில் பத்திரமாக இருந்தது. பக்கத்தில் சுவர்க் கடிகாரம், வழக்கம்போல் பத்து நிமிடம் முந்திக்கொண்டு 8.30 காட்டியது.

ஆண்டுச் சோதனைக்கு ஒரே ஜீப்பில் வந்திறங்கியவர்கள் மூவர்: ‘கழுகு’ என்று பேரெடுத்த கேப்டன், நேவிகேட்டர், இளம் விமானி. மூவருமே அறையில் கொஞ்ச நேரம் தனியாக இருந்தவர்கள்தான்.

“சின்னவர் வேலைதான். கண்ணைக் கசக்கிக்கிட்டே இருக்கார்,” என்றார் டாக்டர்.

நர்ஸுக்கு அதற்குள் மூக்கில் வியர்த்துவிட்டது. “தூரம் தெரியாதவர்னா சுவர்ப் பலகையைத்தானே தூக்கியிருப்பார், டாக்டர்? இது கிட்டத்துல தெரியாத ஆளோட வேலை.”

அறை மேசையிலிருந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். மூவரையும் கூப்பிட்டாள்.

8.35.

“இறங்கினதும் கையெழுத்தா?”

“ஆமா, ஒருத்தர் பின்னால ஒருத்தர்,” என்றார் நேவிகேட்டர்.

“எல்லாருக்கும் வாட்ச் இருக்கா?”

மூன்று மணிக்கட்டுகள் உயர்ந்தன.

“அப்புறம் ரெண்டு பேர் 7.50னு எழுத, ஒருத்தர் மட்டும் எப்படி 8.00னு எழுதினார்? கையில வாட்ச் இருந்தும் சுவரைப் பார்த்து எழுதியிருக்கார். வாட்ச் முள்ளு மங்கல், சுவர்க் கடிகாரம் பளிச். சரிதானே, கழுகு சார்?”

கழுகின் முகம் செத்துவிட்டது. ஃபைலுக்குள்ளிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். “நாப்பத்தாறு வயசாச்சும்மா. கண்ணாடின்னு எழுதிட்டா கீழ உட்கார வெச்சிடுவாங்க. பறக்காம நான் என்ன பண்ணுவேன்?”

பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது நர்ஸுக்கு. “உங்க பிரிவுல பன்னிரண்டு பேர் சார். அஞ்சு பேருக்குப் பார்வைக் கோளாறு. அஞ்சு பேரும் பறந்துகிட்டுத்தான் இருக்காங்க. யாருன்னு மட்டும் கேக்காதீங்க.”

நேவிகேட்டர் அசடு வழிந்தபடி பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “எனக்கு லென்ஸ் சார், அதான் உறுத்துது,” என்றான் இளம் விமானி.

“அடப்பாவிகளா! எங்கிட்டயே மறைச்சீங்களா?”

“நீங்க கழுகாச்சே சார், எப்படிச் சொல்றது?”

அறையே வெடித்துச் சிரித்தது.

9.10. சோதனைக் கண்ணாடி மூக்கில் உட்கார்ந்திருக்க, டாக்டர் எழுதித் தந்ததைக் கழுகு தானே உரக்க வாசித்தார்: “கண்ணாடியுடன் பறக்கத் தகுதி உண்டு.” வாய் கொள்ளாத சிரிப்போடு இன்னொரு தடவை வாசித்தார். காகிதத்தை மடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

“சார்!” நர்ஸ் பின்னாலேயே ஓடினாள். “ஒரு நாளைக்கு ஒரு திருட்டு போதும். அந்தக் கண்ணாடியைக் கழட்டிக் குடுங்க!”